வெள்ளம் வடிந்த பிறகு: குடும்பத்தின் மீண்டெழும் திறன் பற்றி ஓர் எளிய விளக்கம்

களனி கங்கை பெருகும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சியில் ஒரே மாதிரியான காட்சி வரும். இடுப்பளவு தண்ணீரில் யாரோ ஒருவர் பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபடி நடந்து போவார். பின்னணியில் ஒரு குரல், "எங்கட சனம் எதையும் தாங்கும்" என்று சொல்லும். 2016இல் கேட்டோம், 2017இல் கேட்டோம், 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோதும் கேட்டோம்.

எனக்கு அந்த வசனத்தின் மேல் கொஞ்சம் கோபம் உண்டு. கமெரா போன பிறகு அந்தக் கதிரை எந்த வீட்டுக்குத் திரும்பியது, அங்கே அடுத்த ஆறு மாதம் என்ன நடந்தது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆனால் "மீண்டெழும் திறன்" என்ற சொல் மட்டும் செயலமர்வு, மேடைப் பேச்சு, பாடசாலை விழா என்று எல்லா இடத்திலும் புழங்குகிறது. கேட்பவர்கள் அதை மனவுறுதி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அழாதவர் மீண்டெழுந்தவர், அழுதவர் பலவீனர் என்று ஆகிவிடுகிறது. குடும்பங்களை ஆராய்பவர்கள் இந்தச் சொல்லால் குறிப்பது வேறொன்றை. அது என்னவென்று கொழும்பை வைத்தே பார்ப்போம்.

ஒரே மழை, இரண்டு வீடுகள்

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம். வெல்லம்பிட்டியில் ஆற்றுக்குக் கிட்ட, கல்வீடு ஆனாலும் தாழ்ந்த நிலத்தில், இன்னொரு குடும்பம். இருவருக்கும் ஒரே இரவில் ஒரே மழை.

மூன்றாம் மாடியில் இருப்பவர்களுக்கு அது ஒரு தொல்லை. கரண்ட் போகும், பஸ் வராது, ஒரு நாள் லீவு. வெல்லம்பிட்டி வீட்டில் ஃபிரிட்ஜ் போய்விட்டது, மெத்தை போய்விட்டது, நாள் கூலி நான்கு நாளைக்கு இல்லை, பிள்ளையின் கொப்பிகள் கூழாகிவிட்டன. வானம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. நட்டத்தைப் பிரித்துக் கொடுத்தது நிலம், வாடகை, சம்பள முறை.

ஏன் அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது? களனி கங்கை சிவனொளிபாத மலைப் பக்கத்துக் குன்றுகளில் தொடங்கி, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. மலையில் கொட்டும் மழை இறங்கி வந்து சேரும் இடம் கொழும்பின் வடக்கு விளிம்பு. முன்பு அந்தத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளச் சதுப்பு நிலங்கள் தாராளமாக இருந்தன. வீதிக்காகவும் வீட்டுக்காகவும் அவற்றில் பெரும் பங்கை மண் போட்டு மேடாக்கினோம். 2010 நவம்பரில் நாடாளுமன்றக் கட்டடமே வெள்ளத்தில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். மிஞ்சிய சதுப்பு நிலங்களுக்காக 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதைப் பெருமையாகச் சொல்லலாம், மிச்சத்தைக் காப்பாற்றினால்.

"அங்கே போய் ஏன் வீடு கட்டினார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நகரத்துக்குள் இருக்கிறது, நகரத்துக்குள் காணி வாங்கவோ வாடகைக்கு இருக்கவோ சக்தியில்லை. கைக்கு எட்டிய நிலம் அதுதான். அதனால்தான் சூழல் பிரச்சினையையும் சமூகப் பிரச்சினையையும் தனித்தனிப் பெட்டியில் போட முடியாது என்கிறார்கள். தண்ணீர் எங்கே வரும் என்பதை ஆறு முடிவு செய்கிறது. அங்கே யார் குடியிருப்பார் என்பதைக் காசு முடிவு செய்கிறது.

அடிபடுவது எது?

குடும்ப நலன் என்றதும் வருமானம்தான் நினைவுக்கு வரும். ஆராய்ச்சியில் அதன் பொருள் சற்று அகலமானது. வீட்டில் இருப்பவர்களின் உடல்நலம், மனநிலை, அவர்களுக்கிடையில் உள்ள உறவு, பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் செலவு இவையெல்லாம் சேர்ந்து ஓரளவு ஓடுகின்ற நிலை. இதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: நாளைக்கு என்ன நடக்கும் என்பதை ஓரளவு ஊகிக்க முடிவது. "திங்கட்கிழமை பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை சம்பளம்" என்று சொல்ல முடிகிற வீடு, அதே காசு இருந்தும் அப்படிச் சொல்ல முடியாத வீட்டைவிட நிம்மதியாக இருக்கும்.

குழியில் விழுவதும் குலுங்கிக்கொண்டே ஓடுவதும்

ஓட்டோ ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் லொறி மோதி உடைகிறது. அது அதிர்ச்சி: திடீரென்று வந்து, தேதி சொல்லக்கூடிய அடி. இன்னொரு ஓட்டோவை எதுவும் மோதவில்லை. தினமும் குண்டும் குழியுமான வீதியில் ஓடி ஓடி அதன் ஆணி ஒவ்வொன்றும் தளர்கிறது. அது நாட்பட்ட அழுத்தம்: சின்னதாக, முடிவில்லாமல், தலைப்புச் செய்தியில் வராமல் அரிக்கும் அடி.

கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் இரண்டும் ஒரே இடத்தில் நடந்தன. வருடக்கணக்கில் நகரத்தின் குப்பையைக் கொண்டுவந்து அங்கே மலையாகக் குவித்தார்கள். பக்கத்து வீடுகளுக்கு நாற்றம், ஈ, இருமல், "எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் விலாசம் சொல்லத் தயக்கம். இதெல்லாம் நாட்பட்ட அழுத்தம். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில், அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது அதிர்ச்சி. செய்தியில் இரண்டாவதுதான் வந்தது.

கொழும்புத் தமிழ் வீடுகளில் வேறொரு நாட்பட்ட அழுத்தமும் உண்டு, பலர் அதை அழுத்தம் என்றே எண்ணுவதில்லை. சிங்களத்தில் மட்டும் வரும் படிவம். பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரச கரும மொழிதான், சட்டத்தில். நடைமுறையில் பத்து வயதுப் பிள்ளை அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, அதிகாரி கேட்பதை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ள நிவாரணப் படிவத்தில் "வீட்டு வருமானம்" என்ற கட்டத்தை அந்தப் பிள்ளைதான் நிரப்புகிறது. வீட்டில் எவ்வளவு காசு இருக்கிறது, இல்லை என்பது அன்றைக்கே அதற்குத் தெரிந்துவிடுகிறது.

இவை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்போது அதை அழுத்தக் குவிவு என்கிறார்கள். 2017ஐயே எடுங்கள். ஏப்ரலில் குப்பை மலை, மே மாதம் வெள்ளம், அதோடு டெங்கு. அந்த ஒரு வருடத்தில் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். மழைக்குப் பிறகு தகரம், டயர், சிரட்டை எல்லாவற்றிலும் தேங்கும் தெளிந்த நீரில்தான் அந்த நுளம்பு முட்டையிடும். வெள்ளத்தில் வேலை இழந்த அப்பா, காய்ச்சலில் படுத்த மகள், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடும் அம்மா. மூன்று பிரச்சினைகளைக் கூட்டினால் மூன்று வராது. ஒன்றைச் சமாளிக்க வைத்திருந்த காசும் நேரமும் ஆளும் முந்தியதிலேயே செலவாகிவிட்டதால் அதற்கு மேலே போகும்.

இதுவரை பார்த்தது: அடி சிலது திடீரென்று வரும், சிலது அரித்துக்கொண்டே இருக்கும். எந்த வீட்டில் எவ்வளவு நோகும் என்பது அந்த வீடு நிற்கும் இடத்தையும், முந்திய அடியிலிருந்து அதற்குக் கிடைத்த இடைவெளியையும் பொறுத்தது.

கேஸ் சிலிண்டர் பாடம்

பொருளாதார நெருக்கடியில் கேஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற 2022இல் கொழும்பில் இருந்தவர்களுக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது. சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று வெளியே பார்த்தால் தெரியாது. தூக்கிப் பார்ப்போம், ஆட்டிப் பார்ப்போம். அடுப்பு கிட்டத்தட்டக் கடைசி வரை நீலமாக எரியும். அப்புறம் சோறு பாதி வெந்த நேரம் பார்த்து அணைந்துவிடும்.

குடும்பமும் அப்படித்தான். வெளியே தெரிவது சுவாலை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கோயிலுக்கு வருகிறார்கள், சிரிக்கிறார்கள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்பது வேறு கணக்கு.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரூபன் ஹில் இரண்டாம் உலகப் போரால் பிரிந்து சேர்ந்த குடும்பங்களை 1940களில் ஆராய்ந்தார். ஒரே மாதிரியான பிரிவு சில வீடுகளைக் குலைத்தது, சிலவற்றைக் குலைக்கவில்லை. ஏன்? அவர் மூன்றைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். ஒன்று, நடந்த சம்பவம். இரண்டு, வீட்டின் கையிருப்பு. மூன்று, அந்தச் சம்பவத்தை வீட்டார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது. இம்மூன்றும் சேர்ந்துதான் அது நெருக்கடியாகுமா, வெறும் கஷ்டகாலமாகக் கடந்து போகுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன அழுத்தக் குவிவைப் பின்னர் 1980களில் இதோடு இணைத்தவர்கள் ஹமில்ட்டன் மக்கபினும் ஜோன் பட்டர்சனும்.

கையிருப்பு என்றால் வங்கிக் காசு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அடகு வைக்க இரண்டு காப்பு, ஒரு வாரம் பிள்ளையைப் பார்க்கச் சித்தி, சீட்டைத் தள்ளிக் கொடுக்கத் தயங்காத பக்கத்து வீட்டு அன்ரி, தொலைபேசியில் கூப்பிடக்கூடிய ஒரு கிராம சேவகர், ஒரு நிரந்தர வேலை, நல்ல தூக்கம். எல்லாம் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸ்தான்.

இப்போது மீண்டெழும் திறனுக்கு வரைவிலக்கணம் சொல்லிவிடலாம். அடி விழுந்த பிறகு, குடும்பம் தன் கையிருப்பைத் திரும்ப நிரப்பிக்கொண்டு, பழைய நிலைக்கோ அதைவிடப் பொருத்தமான இன்னொரு நிலைக்கோ வந்து சேரும் ஆற்றல். "திரும்ப நிரப்பிக்கொண்டு" என்பதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தாங்குவது அதன் பாதி மட்டுமே.

காசுக் கஷ்டம் பிள்ளையை எந்த வழியால் அடைகிறது?

முழுக் கட்டுரையிலும் இந்த இடத்தைத்தான் நிதானமாக வாசிக்கச் சொல்வேன்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாயானது. அதற்குப் பயந்து மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியவர்களை ஓகஸ்ட் மாதம் அதன் விலை துரத்திப் பிடித்தது: லீற்றர் 87 ரூபாய், ஒரே இரவில் 340. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இந்த வருடம் கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூற்றைந்து.

இந்த எண்கள் ஒரு பத்து வயதுப் பையனை எப்படி அடைகின்றன? சாப்பாடு குறைவதன் மூலம், சரி. ஆனால் வேறொரு பாதையும் உண்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு ஓட்டோக்காரரை எண்ணிப் பாருங்கள். பெற்றோல் ஷெட் வரிசையில் இரண்டு இரவு கிடந்து, கிடைத்த கொஞ்சத்தோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி மண்ணெண்ணெய் வரிசையிலிருந்து வெறும் கையோடு வந்திருக்கிறார். "நீ முந்தியே போயிருக்கலாம்" என்று இவர் சொல்ல, "நீங்கள் போனீர்களே, என்ன கொண்டுவந்தீர்கள்?" என்று அவர் கேட்க, கதவு அடித்துச் சாத்தப்படுகிறது. அந்த நேரம் பார்த்துப் பையன் வந்து, கொப்பிக்கு உறை போட பிரவுண் பேப்பர் வேண்டும் என்கிறான். அப்பா கத்துகிறார். பேப்பருக்காகக் கத்தவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவன் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: கேட்கக் கூடாது. மறுநாள் ரீச்சர் கேட்கும்போது "மறந்துவிட்டேன்" என்கிறான். ரீச்சரின் கண்ணில் அவன் அக்கறையில்லாத பிள்ளையாகிறான்.

எண்ணெய் விலை பையனின் படிப்பைத் தொட்டுவிட்டது. நடுவில் மூன்று கண்ணிகள்: பெற்றோரின் மனம், அவர்களுக்கிடையிலான சண்டை, பிள்ளையிடம் காட்டும் கடுமை. இதைக் குடும்ப அழுத்த மாதிரி என்று அழைக்கிறார்கள். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் கலிபோர்னியாவில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிக் கிளென் எல்டர் ஆராய்ந்ததிலும், 1980களின் விவசாய நெருக்கடியில் சிக்கிய அயோவா குடும்பங்களை ரான்ட் கொங்கரின் குழு ஆராய்ந்ததிலும் இந்தச் சங்கிலிதான் தெளிவாகத் தெரிந்தது. நாடு வேறு, காலம் வேறு, சண்டை அதே சண்டை.

உடம்பும் இதில் ஒரு பங்காளி. ஆபத்து என்று மூளை எண்ணினால் கோர்ட்டிசோல் என்ற சுரப்பு கூடும். வீட்டு அலாரம் மாதிரி, கொஞ்ச நேரம் அடித்தால் நல்லது, இரவு பகலாக அடித்தால் தூக்கம், பொறுமை, நினைவாற்றல் எல்லாம் தேயும். தகரக் கூரைக்குக் கீழே ஏப்ரல் மாத இரவொன்றைக் கழித்தவருக்கு, மறுநாள் காலை யார் மேலாவது எரிந்து விழாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வெக்கை ஒரு சூழல் பிரச்சினை. எரிந்து விழுவது குடும்பப் பிரச்சினை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது தூக்கமில்லாத ஒரு இரவு.

"அப்படியானால் பெற்றோருக்குக் கோபத்தை அடக்கச் சொல்லிக் கொடுத்தால் போதுமே" என்று சிலர் உடனே ஒரு செயலமர்வுக்கு நாள் குறிப்பார்கள். சொல்லிக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் சங்கிலி தொடங்குவது காசில். அதைத் தொடாமல் பெற்றோரின் கடுமை என்ற கண்ணிக்கு மட்டும் எண்ணெய் போட்டால் எவ்வளவு நாளைக்கு?

எழுந்த மாதிரி தெரிவது

வெள்ளம் வடிந்து மூன்றாம் மாதம் அந்த வெல்லம்பிட்டி வீட்டுக்குப் போனால் புது மெத்தை இருக்கும், சுவரில் வண்ணம் இருக்கும். "பார், எழுந்துவிட்டார்கள்" என்போம். எப்படி வாங்கினார்கள் என்று கேட்டால்தான் கதை வரும். தாலிக்கொடி அடகில் இருக்கிறது. மகனின் கணித ரியூசன் நின்றுவிட்டது. மீன் வாங்குவது வாரத்தில் மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகி, மிச்ச நாள் பாணும் பருப்பும். கிழமைக் கிழமை கட்டும் நுண்கடன் ஒன்று. அம்மா மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போக முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்திருக்கிறார்.

இவை சமாளிப்பு வழிகள். ஒவ்வொன்றும் இன்றைய ஓட்டையை நாளைய துணியால் அடைக்கிறது. ஒரு தடவை அடைத்துவிட்டுத் திரும்ப நெய்ய நேரம் கிடைத்தால் அது மீண்டெழுதல். நெய்வதற்குள் அடுத்த வெள்ளம் வந்தால், வெளியே நிமிர்ந்து நிற்கிற வீடு உள்ளே ஒவ்வொரு வருடமும் ஒரு படி இறங்கிக்கொண்டே போகும். கமெராவுக்கு இந்த இறக்கம் பிடிபடாது.

சுருக்கமாக ஒரு சோதனை: ஒரு குடும்பம் மீண்டுவிட்டதா என்று அறிய, என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று பார்க்காமல், எதை விற்றார்கள், எதை நிறுத்தினார்கள், அவை திரும்பி வந்தனவா என்று கேளுங்கள்.

கடைக்காரரின் கொப்பி

கொழும்பின் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளில், ஒவ்வொரு மூலைக் கடையிலும் ஒரு கடன் கொப்பி இருக்கும். ஓரம் கறுத்து, நூலில் கட்டிய பேனையோடு. "நாலாம் நம்பர் வீட்டு அம்மா – பால்மா 1, சீனி ½" என்று எழுதியிருக்கும். எந்த வங்கியும் தராத கடனை, எந்தப் பிணையும் கேட்காமல், முகத்தைப் பார்த்துத் தரும் நிறுவனம் அது.

அப்படியான தோட்டங்களிலிருந்து மக்களை எடுத்துப் பத்துப் பன்னிரண்டு மாடித் தொடர்மாடிகளில் குடியேற்றும் வேலை கொழும்பில் நீண்ட காலமாக நடக்கிறது. வெள்ளம் வராது, உள்ளேயே கழிப்பறை, பெயரில் ஒரு வீடு. இவை பெரிய நன்மைகள், மறுக்க மாட்டேன். ஆனால் கொப்பி கூட வருவதில்லை. புது மாடியில் கடைக்காரருக்கு முகம் தெரியாது. வாசலில் இடியப்பம் விற்றவருக்கு எட்டாம் மாடியில் வாசல் இல்லை. பிள்ளையை ஒரு கண் பார்த்துக்கொள்ளும் எதிர்வீட்டு ஆச்சி வேறு கட்டடத்தில் இருக்கிறார். சமூக உறவுப் பலம் என்று ஆய்வுகள் சொல்வது இதைத்தான்: ஒருவரையொருவர் தெரிந்து, நம்பி, கைமாற்றிக்கொள்வதால் கிடைக்கும் கையிருப்பு. வீட்டை அளக்கச் சதுர அடி இருக்கிறது. இதை அளக்கக் கோல் இல்லாததால் நட்டஈட்டுக் கணக்கில் இது ஏறுவதே இல்லை.

அம்மம்மாவின் பை

ஹில் சொன்ன மூன்றாவது பாக்கியிருக்கிறது: சம்பவத்தை வீட்டார் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் அம்மம்மா கட்டில் தலைமாட்டில் ஒரு பழுப்பு நிற ரெக்சின் பை வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ்கள், கல்யாண எழுத்து, காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதிகள். எல்லாம் பொலித்தீனில் சுற்றி, றப்பர் பட்டி போட்டு. நாங்கள் சிரிப்போம். பெரியம்மாவின் மகள் கல்யாணம் கட்டி வெல்லம்பிட்டிக்குப் போனபோது, நகையோடு அதே மாதிரி ஒரு பையையும் கொடுத்தனுப்பினார்.

2016 மே மாதம் ஒரு இரவு தண்ணீர் வாசற்படி ஏறியதும், அக்கா எடுத்தது இரண்டைத்தான்: பிள்ளை, பை. எதிர்ப் பக்கத்து சிங்களக் குடும்பத்தின் மேல்மாடியில் மூன்று நாள் இருந்தார்கள். கீழே எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த வரிசையில் நட்டஈட்டுப் படிவத்தை முதல் வாரமே கொடுத்தவர் அவர்தான். மற்றவர்கள் பிறப்புச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். ஒரு பழைய பயம், புரிந்துகொள்ளும் விதத்தால், கையிருப்பாக மாறியிருந்தது.

பிள்ளைகளைப் பொறுத்தவரை அம்மம்மா மாதிரி ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எமி வேர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமையும் குடும்பக் குழப்பமும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாக நிமிர்ந்து வந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட ஒன்று, நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது இருந்தது. அது பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. பாட்டியாக இருக்கலாம், ரீச்சராக இருக்கலாம்.

ஆனால் பைக்கும் ஒரு விலை உண்டு. இப்போதும் மழை இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால் அக்காவுக்குத் தூக்கம் வராது. டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்க் கானில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். அரைமணி நேரம் கழித்துத் திரும்பவும் போவார். சத்தம் கேட்டு எழும்பும் மகள், கண்ணைத் திறக்காமலே கேட்பாளாம்: "அம்மா, பை எங்க இருக்கு?"